சகலை அழைத்து வந்த ஆள்

அவருடைய காரில் ஏறுகிறவர்கள் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறார்களோ இல்லையோ, ஆண்டவரைப் பற்றிக் கேட்காமல் இறங்க முடியாது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிளட்ச், கியர், பிரேக் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வருவார். சிக்னலில் சிவப்பு விழுந்தால் மாஸ்டருக்குப் பச்சை விழுந்துவிடும்.

"இப்ப இந்த லைட்ட மீறினா என்ன ஆகும்?" என்பார்.

"ஃபைன் போடுவாங்க மாஸ்டர்."

"அது இங்க. அங்க?" என்று விரலை மேலே காட்டுவார்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிகிற ஆள் எங்கே இறங்கி ஓடுவது? கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்டவர்களில் சிலர் உண்மையாகவே சபைக்கு வந்தார்கள், ஞானஸ்நானம் எடுத்தார்கள். "மாஸ்டர் சும்மா போற ஆள் இல்ல, வலையோட போற ஆள்" என்று பாஸ்டரே மேடையில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட அன்று மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் அதைப் பணிவு என்று நினைத்தார்கள். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தார்.

ஒரே ஒரு மீன் மட்டும் மாட்டவில்லை. பக்கத்துக் கடை டயர்காரர். பஞ்சர் ஒட்டுவது, பழைய டயரைக் கழற்றிப் புதுசு போடுவது அவருடைய தொழில். கனத்த உடம்பு, கறுத்த நகம், கத்தி மாதிரி நாக்கு. கடையைத் திறந்ததும் இருவரும் டீயோடு நின்று சண்டை போடுவது வழக்கம்.

"ஏன் மாஸ்டர், எல்லாத்தையும் படைச்சவரு இத மட்டும் படைக்காம இருந்திருக்கலாமே?" என்று டயரிலிருந்து பிடுங்கிய ஆணியைத் தூக்கிக் காட்டுவார்.

"ஆணி இல்லன்னா உங்க கடைக்கு எவன் வருவான்? அதுக்காச்சும் நன்றி சொல்லுங்க."

"சொல்றேன், ஆணிக்கு."

இப்படியே வருஷக்கணக்காகப் போனது. மாஸ்டர் அவருக்காகத் தினமும் முழங்காலில் நின்றார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் "டயர்காரருக்காக" என்று அவர் சொல்லாத வாரமே கிடையாது. டயர்காரரைக் கண்ணால் பார்த்தே இராத கிழவிகள்கூட, "உங்க டயர்காரர் எப்படி இருக்கார்?" என்று விசாரிப்பார்கள். உங்க டயர்காரர் என்று கேட்கும்போது மாஸ்டருக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

இந்தச் சமயத்தில்தான் சகலை வேலைக்கு வந்தான். மாஸ்டருடைய மனைவிக்குத் தங்கை புருஷன். குடியால் எத்தனை வேலை போனது என்று அவனுக்கே நினைவில்லை. குடியை நிறுத்தி, ஆண்டவரிடம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "பாவம், உங்க கூடவே வச்சுக்கோங்க. நல்லா ஓட்டுவாரு" என்று மனைவி கேட்டதால் இரண்டாவது காரை அவனிடம் கொடுத்தார். அவனும் அண்ணா, அண்ணா என்று காலைச் சுற்றி வந்தான். ஜெபிக்கச் சொன்னால் நாக்கு குழறும். வசனம் சொல்லச் சொன்னால் பாதியில் நிற்கும். மாஸ்டருக்கு அவன்மேல் பிரியம் இருந்தது. தன்னைவிடக் குட்டையானவன்மேல் உயரமானவனுக்கு இருக்கிற பிரியம்.

முதல் முள் பேங்க் அம்மாவால் குத்தியது. பேங்கில் வேலை பார்க்கிற அவர் மாஸ்டரின் மாணவி. சாலையில் நாய் குறுக்கே வந்தாலே இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். திடீரென்று அவர் தன் வகுப்பைக் காலை நேரத்துக்கு, சகலையின் காருக்கு, மாற்றிக்கொண்டார். ஒருநாள் சிக்னலில் அந்தக் கார் பக்கத்தில் வந்து நின்றபோது மாஸ்டர் எட்டிப் பார்த்தார். பேங்க் அம்மா அழுதுகொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சகலை வாயே திறக்கவில்லை. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சுற்றிப் போங்கள் என்று சைகை காட்டினான்.

'இவன்கிட்ட என்னத்த கண்டாங்க?' என்று மாஸ்டர் கியரைத் தட்டினார்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல மாஸ்டர் சபை வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். சகலையின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு டயர்காரர் இறங்கினார்.

எத்தனையோ தடவை மாஸ்டர் இந்தக் காட்சியைக் கற்பனை செய்திருக்கிறார். ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பது, கண்ணீர், பாஸ்டரிடம் கூட்டிப்போவது. எல்லாவற்றிலும் ஸ்கூட்டரை ஓட்டியது அவர்தான்.

"என்ன மாஸ்டர், உள்ள விடுவீங்களா?" என்றார் டயர்காரர்.

"வாங்க, வாங்க." வாய் சொன்னது. வயிறு எரிந்தது.

ஆராதனை முடிவில் பாஸ்டர் சகலையை மேடைக்கு அழைத்தார். அவன் மைக்கைத் தலைகீழாகப் பிடித்தான். "நான் ஒண்ணும் பண்ணல. அவரு வீட்டம்மா பக்கவாதத்துல படுத்திருக்காங்க. மத்தியானம் எக்சர்சைஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். கார்ல ஏத்தி இறக்கினேன். அவ்வளவுதான்" என்று இறங்கிவிட்டான். கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். மாஸ்டர் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"இத்தனை வருஷம் ஜெபிச்சது நீங்கதானே? சந்தோஷப்பட வேண்டாமா?"

"சந்தோஷமாத்தான் இருக்கேன்."

"மூஞ்சியப் பாத்தா அடக்கத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு."

"உழுதவன் ஒருத்தன், மூட்டை தூக்கிட்டுப் போறவன் இன்னொருத்தன். அது சரி, நேத்து முளைச்ச காளானுக்குக் கொடை பிடிக்கத்தானே ஆள் இருக்கு."

"என் தங்கச்சி புருஷன் காளான்னா நீங்க என்ன, ஆலமரமா?" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

டயர்காரர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பது மாஸ்டருக்குத் தெரியாததல்ல. ஒருநாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். "ஜெபிக்கிறேன்" என்று மாஸ்டரும் சொன்னார். ஜெபிக்கவும் செய்தார். என்ன உடம்பு, எப்படி இருக்கிறார் என்று கேட்கத்தான் தோன்றவில்லை. அன்றைக்குப் பேச வேண்டியிருந்த விஷயம் வேறு.

இப்போது அது முள்ளாக உறுத்தியது. உறுத்தியதும் தன்மேல் வர வேண்டிய கோபம் சகலைமேல் திரும்பியது. மறுநாளே வகுப்பு நேரங்களை மாற்றினார். மத்தியானம் முழுக்கச் சகலைக்குப் புது மாணவர்களைப் போட்டார். "கூட்டம் ஜாஸ்தி, என்ன பண்றது?" என்றார். சகலை தலையாட்டினான். சாப்பாட்டு நேரத்தில் டயர்காரர் வீட்டுக்கு ஓடினான். டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனான். அவன் மெலியத் தொடங்கியதைப் பார்க்கப் பார்க்க, மாஸ்டருக்கு அதிலும் அவனுக்குத்தான் நல்ல பெயர் என்று தோன்றியது.

டயர்காரர் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறார் என்று பாஸ்டர் அறிவித்த வாரம், மாஸ்டருக்கு நாக்கு அரித்தது. காலையில் டீயோடு போனார். டயர்காரர் ஒரு லாரி டயரைத் தொட்டித் தண்ணீரில் உருட்டி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப சந்தோஷம் டயர்காரரே. ஆனா ஒரு விஷயம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். என் சகலைய ரொம்ப நம்பிடாதீங்க. வீட்டுக்குள்ள எல்லாம் விடுறீங்க."

"ஏன் மாஸ்டர்?"

"அவன் கதை உங்களுக்குத் தெரியாது. பொண்டாட்டிக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டுட்டு, வண்டிய நிறுத்திட்டு வரேன்னு போனவன். பாருக்குப் போயிட்டான். மாசக்கணக்கா ஆளே இல்ல. குழந்தை மூஞ்சிய அவன் பாக்கும்போது அது உக்காந்துட்டு இருந்துச்சு."

டயர்காரர் தண்ணீரிலிருந்து கையை எடுத்துத் துணியில் துடைத்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"என் வீட்டுக்குள்ள வந்த மொத நாளே சொன்னாரு. ஏன் சொன்னாருன்னா, அன்னைக்கு நான் அவருகிட்ட ஒண்ணு சொன்னேன். என் பொண்டாட்டிக்கு ஊட்டும்போது அவ துப்பிட்டா. கை ஓங்கிட்டேன் மாஸ்டர். ஓங்கல, அடிச்சிட்டேன். வாய் கோணிக் கெடக்கிறவள. அத இந்த உலகத்துல யாருகிட்டயும் சொன்னதில்ல."

மாஸ்டர் டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டயா? நீங்க உடனே பதில் சொல்லியிருப்பீங்க." டயர்காரர் சிரித்தார், கிண்டலாக அல்ல. "இத்தனை வருஷத்துல நீங்க செஞ்ச ஒரு தப்பு சொன்னதில்ல. நானும் நினைச்சுப்பேன், இவரு சாமி இந்த மாதிரி துவைச்ச சட்டைக்காரங்களுக்குத்தான், நமக்கு ஒத்து வராதுன்னு. இன்னைக்குத்தான் மாஸ்டர் உங்க சட்டையில கறை பாக்குறேன்."

"நான் உங்க நல்லதுக்கு..."

"பொறாமை மாஸ்டர். பரவால்ல. நமக்குள்ள என்ன?"

பஞ்சர் எங்கே என்று கண்டுபிடித்தவர் சொல்கிற குரலில் அதைச் சொன்னார். மாஸ்டர் மறுக்க வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. அப்படி அவருக்கு நடந்ததேயில்லை.

அன்று சாயங்காலம் சகலை ஷெட்டில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். டயர்காரர் தானாக அவனிடம் சொல்ல மாட்டார் என்று மாஸ்டருக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் சாவிகளை எண்ணுவதுபோல நின்றுவிட்டு, கிட்டே போனார்.

"உன்னப்பத்தி டயர்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

"எதப்பத்தி அண்ணா?"

"ஆஸ்பத்திரி வாசல்."

சகலையின் கை கண்ணாடிமேல் நின்றது. காது மடல் சிவந்தது. பிறகு மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

"அத நானே சொல்லிட்டேன்."

"தெரியும். அவரு சொன்னாரு."

"இருந்தாலும், நான் சொல்றது வேற. நீங்க சொல்றது வேற."

"ஆமா. உன்மேல பொறாமைப்பட்டுச் சொன்னேன். வகுப்பு நேரத்தையும் அதுக்குத்தான் மாத்தினேன். மன்னிச்சிடு."

சகலை வாளியைத் தூக்கி அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினான். "மன்னிக்கிறேன்னு வாய் சொல்லிடும். மனசுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க" என்றான். அவன் தன்னிடம் இப்படிப் பேசி மாஸ்டர் கேட்டதில்லை. மறுநாள் வேலைக்கு வந்தான். மத்தியானம் அவனுக்குப் பழையபடி ஓய்வு இருந்தது. ஆனால் கொஞ்ச காலத்துக்கு அவன் வாயிலிருந்து அண்ணா என்ற வார்த்தை வரவில்லை. "சாவி எங்க?", "பெட்ரோல் போடணும்" என்பதோடு சரி. அண்ணா என்று கூப்பிட ஒருவன் இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞானஸ்நானத் தொட்டி சபைக்குப் பின்புறம் இருந்தது. டயர்காரருக்கு முழங்கால் வலி, தண்ணீர் என்றால் பயம் வேறு. பாஸ்டரோ ஒல்லி. "ரெண்டு பேர் பிடிச்சாத்தான் முடியும்" என்றார்.

"அந்த மாஸ்டரும் பிடிக்கட்டும், இந்த மாஸ்டரும் பிடிக்கட்டும்" என்றார் டயர்காரர்.

இருவரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆளுக்கொரு தோளைப் பிடித்தார்கள். டயர்காரர் மூழ்கினார். எழும்போது மூச்சுத் திணறி, கையை வீசி, கிடைத்ததைப் பற்றிக்கொண்டார். பற்றியது சகலையின் கழுத்தை. மாஸ்டர் அதைக் கவனித்தார். வலித்தது. இந்த இடத்தில் நின்றுகொண்டு இதையா கவனிக்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் தன் பக்கத்துத் தோளை விடவில்லை. படி ஏறும்வரை பாதி பாரம் அவர்மேல்தான் இருந்தது. வெளியே வந்ததும் சகலை ஒரு துண்டை டயர்காரரிடம் கொடுத்தான். இன்னொன்றை நீட்டி, "இந்தாங்க அண்ணா" என்றான்.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம், எக்சர்சைஸுக்குக் கூட்டிப்போக, மாஸ்டரே காரை எடுத்துக்கொண்டு டயர்காரர் வீட்டுக்குப் போனார். சின்ன அறை. மருந்து வாசனை. ஜன்னல் ஓரமாகச் சக்கர நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். டயர்காரர் கடையிலிருந்து வந்து சேர இன்னும் நேரமிருந்தது. பேசுவதற்கு மாஸ்டரிடம் ஆயிரம் இருந்தது. சிக்னல்களில் சேர்த்து வைத்தவை. ஒன்றும் இங்கே பொருந்தவில்லை.

"சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுக்க, சிரமப்பட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார்.

"அந்தத் தம்பி... வரலையா?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. பிறகு, தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

"நாளைக்கு வருவான்மா. இன்னைக்கு நான்தான்" என்று சொல்லி, குனிந்து நாற்காலியின் பிரேக்கை விடுவித்தார்.