முட்டி உயரக் கவாத்து

மார்கழி பிறந்து மழை விட்டிருந்தது. நைனார்பாளையத்துக்கு மேற்கே, குத்தகை நிலத்தில் கொளஞ்சியப்பன் வளர்த்த குண்டுமல்லிச் செடிகள் இடுப்புக்கு மேல் பச்சைப் பசேலென்று மண்டி நின்றன. வழியில் போகிறவர்களுக்கு அது அழகு. அவன் மனைவி குஞ்சம்மாளுக்கோ அதுதான் கவலை.

மல்லியை மார்கழிக்குள் கவாத்து செய்தாக வேண்டும். தண்ணீரை நிறுத்தி, முட்டி உயரம் விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டால்தான் மாசியில் புதுத்துளிர் கிளம்பும். பங்குனி, சித்திரையில் மொட்டு கொட்டும். வெட்டாவிட்டால் இலைதான் மிஞ்சும். கோடை முழுக்க அந்த வீட்டில் உலை கொதிப்பது மொட்டை நம்பித்தான்.

வெட்ட வேண்டியவன் ஊரில் இல்லை. புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்தபோது, ரோட்டில் புளியமரத்தைச் சாய்த்தவர்களோடு கொளஞ்சியப்பனும் கயிறு பிடித்து இழுத்தான். வழக்கில் பெயர் ஏறியது. அன்று கல்வராயன் மலைக்கு ஏறியவன், தெரிந்தவர் வீட்டில் சாமை அறுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான்.

தானே வெட்டிவிடலாம் என்றுதான் குஞ்சம்மாள் துணிந்தாள். கணவன் வழக்கப்படி செடிக்குச் சூடம் ஏற்றி, "தாயே, உன்ன நோவடிக்கப் போறேன், பொறுத்துக்கோ" என்று கும்பிட்டாள். அரிவாளை ஓங்கினாள். கிளை நுனியில் ஒரு துளிர், பால்குடிக் குழந்தை போல ஆடியது. கை இறங்கவில்லை. பாவம், பசியோடு நிற்கிறதே என்று ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றிவிட்டு வந்தாள். மறுநாளும் சூடம், மறுநாளும் தண்ணீர். செடி இன்னும் கொழுத்தது.

அந்த நேரத்தில்தான் ஏட்டு சுப்புராயன் கொளஞ்சியப்பனைத் தேடிச் சைக்கிளில் வந்தார்.

"இன்னாம்மா, ஊட்டுக்காரன் வந்தானா?"

"வர்லீங்க."

"செடிக்குச் சூடம் காட்டிக்கினு இருக்கியே, இன்னா வேண்டுதல்?"

குஞ்சம்மாள் உள்ளதைச் சொன்னாள். ஏட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நடுரோட்டுல புளியமரத்தச் சாய்ச்சவன் பொண்டாட்டி நீ! ஒரு மல்லிச் செடிய வெட்ட மனசு வர்லியா?"

"அவுரு கயித்ததாங்க புடிச்சாரு."

"நல்லாப் புடிச்சாரு போ!"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததை அவர் பார்த்துவிட்டார். "எங்க அம்மா வூட்டுலயும் ரெண்டு பாத்தி மல்லி இருந்துச்சும்மா. அரிவாளக் குடு" என்றார். தொப்பியையும் சட்டையையும் வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு, பனியனோடு பாத்திக்குள் இறங்கினார். ஆண்டவன் உதவி எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் என்று நமக்குத் தெரியாது. அன்று அது சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தது.

ஏட்டுக்கு ஆசை இருந்த அளவுக்குப் பழக்கம் இல்லை. இடுப்பு உயரத்தில், குனியாமல், வசதியாக வெட்டிக்கொண்டே போனார்.

திடீரென்று பக்கத்து மரவள்ளித் தோட்டத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"யோவ்! எந்த ஊரு கூலியாளுய்யா நீ? இடுப்பு ஒசரம் வுட்டா பூவா வரும்? வெறும் குச்சிதான்யா வரும்!"

தாடியும் மேலெல்லாம் மண்ணுமாகக் கொளஞ்சியப்பன் பாய்ந்து வந்தான். கவாத்து நினைப்பு மலையில் தூங்க விடாமல், அன்று காலைதான் இறங்கி வந்து, ஆள் நடமாட்டம் அடங்கட்டும் என்று மரவள்ளிக்குள் பதுங்கியிருந்தான். குஞ்சம்மாள் கண்ணால் ஜாடை காட்டினாள், தலையை ஆட்டினாள். அவன் கண்ணுக்குச் செடியைத் தவிர எதுவும் தெரியவில்லை. அரிவாளைப் பிடுங்கி, "இங்க பாரு, முட்டி ஒசரம், சாய்வா வெட்டணும்" என்று குனிந்து ஒரே வெட்டு வெட்டினான். செடி விலகியது. எதிரே காக்கிக் கால்சட்டையும் பூட்சும் நின்றன.

அரிவாள் கீழே விழுந்தது.

"நான் உன்னத் தேடிக்கினு வந்தேன்" என்றார் சுப்புராயன். "நீ என்னத் திட்டிக்கினு வர்ற!"

"ஐயா..." என்று கொளஞ்சியப்பன் பின்வாங்கினான்.

"ஓடாதடா. பாதித் தோட்டம் அப்படியே கெடக்குது. ஓடுனா யாரு வெட்டுவா? நாளைக்குக் காலையில ஜாமீனுக்கு ரெண்டு பேர இட்டுக்கினு நீயா ஸ்டேஷனுக்கு வா. தானா வந்தான்னு இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட நானே சொல்றேன். வருவியா?"

"மாரியாத்தா மேல சத்தியமா வரேங்க."

"அப்ப அரிவாள எடு."

பொழுது சாயும்வரை கொளஞ்சியப்பன் வெட்டினான். ஏட்டு தழையை அள்ளிக் கரையில் போட்டார். குஞ்சம்மாள் ஆக்கிய கேழ்வரகுக் களியை மூவரும் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு வரிசைச் செடி மட்டும் வெட்டாமல் மீந்தது.

மறுநாள் விடிந்ததும் அவன் ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். போனவனை உள்ளே வைத்துவிடுவார்களோ என்று குஞ்சம்மாளுக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். ஏட்டின் வார்த்தையை நம்பலாமென்றால் இந்தத் துளிரையும் நம்பலாம், மறுபடி வரும் என்று தோன்றியது. கண்ணை மூடி முதல் வெட்டு; அப்புறம் கண்ணைத் திறந்தே வெட்டினாள்.

கடைசிச் செடியில் இருந்தபோது முதுகுக்குப் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. கொளஞ்சியப்பன், தாடியை மழித்துக்கொண்டு நின்றான்.

"வுட்டுட்டாங்களா?"

"ஜாமீன் குடுத்துட்டாங்க." அவன் வரிசையை ஒரு நோட்டம் விட்டான். "இன்னுங் கொஞ்சம் சாய்வா வெட்டியிருக்கலாம்."

"அப்படி வெட்றவரு மலையில குந்திக்கினு இருந்தாரே" என்றாள் குஞ்சம்மாள், அழுதுகொண்டே சிரித்தாள்.