செல்ஃப் எடுக்காத வேன்

அந்தப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது திட்டு. பழுது பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பட்டறைக்காரருக்குத் தெருவே வைத்த பெயர் மீட்டர்காரர். குளிக்கும்போது மட்டும்தான் கரண்ட் அளக்கிற அந்த மீட்டர் அவர் கழுத்தைவிட்டு இறங்கும் என்று அவருடைய மனைவியே சொல்லியிருக்கிறாள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரியை மாற்று, சாவியை மாற்று, கண்ணில் பட்டதையெல்லாம் மாற்று என்று கிளம்புகிற மெக்கானிக்குகளை அவருக்கு அடியோடு ஆகாது. அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கையில் இருக்கும் டீ ஆறிப் பாலாடை கட்டிவிடும். அளந்து பார்க்காமல் வாயைத் திறக்கிறவன் மனுஷனே இல்லை என்பது அவர் கட்சி. இந்த உலகத்தில் மனுஷர்கள் மிகவும் குறைவு என்பதும் அவர் கட்சிதான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது அவருடைய சொந்தத் தங்கையின் வேன். இருபத்தெட்டு வருஷத்துப் பெட்ரோல் வேன். வாங்காதே என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டது. அவள் கேட்காமல் வாங்கினாள். அதனால் அது நின்றுபோனதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அதை மறைக்க அவர் பெரிதாகப் பாடுபடவுமில்லை. எடைக்குப் போட வேண்டியதை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாளே என்று எதிர்க்கடைக்காரர் காதில் விழும்படி சொன்னார்.

தங்கைக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணியைச் சலவை ஆலைக்குக் கொண்டுபோய், வெளுத்ததைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை ஒன்று அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு வண்டியோடு ஆலை வாசலில் நின்றால் அவளுக்கு. நிற்காவிட்டால் அடுத்தவனுக்கு. அவள் புருஷன் ஆறு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். இதுவும் கைநழுவினால் வீடு எப்படி ஓடும் என்பதை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரியும்.

வண்டிக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். மூன்று விஷயம் சொன்னாள். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. மூன்றாவதைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள்.

"ஸ்டார்ட் பண்றப்ப சோக்கை இழுத்துப் பிடிச்சிருப்பேன்ல, அது சுடுதுண்ணா."

மீட்டர்காரர் சிரித்தார். சும்மா சிரிக்கவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சோக் என்பது டாஷ்போர்டிலிருந்து எஞ்சினுக்குப் போகிற வெறும் கம்பி, கரண்டுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது என்று விளக்கினார். எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டு, என் தங்கச்சிக்குக் கையில் ஜுரம், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். கூட வந்திருந்த மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன், யாரோ சொன்னார்கள் என்று போன வாரம்தான் புது பேட்டரி போட்டதாக வாயைத் திறந்தான். அவனுக்கும் ஒரு பாட்டம் கிடைத்தது. அவன் பக்கத்தில் கிடந்த டயர்மேல் போய் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு அளக்க ஆரம்பித்தார். அவர் அளப்பதற்கு ஒரு பாணி உண்டு. மீட்டரின் கறுப்பு வயரை ஆறு முழத்துக்கு நீட்டி, முனையில் ஒரு கிளிப் மாட்டி வைத்திருந்தார். அதைப் பேட்டரியின் மைனஸில் கவ்வ விட்டுவிடுவார். அப்புறம் சிவப்பு முனையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வண்டி முழுக்கச் சுற்றி வருவார். மற்றவர்கள் ஒவ்வொரு இடத்திலும் எர்த் தேடித் தடவிக்கொண்டிருக்க, அவர் பாதி நேரத்தில் முடித்துவிடுவார். இது அவர் சொந்தக் கண்டுபிடிப்பு. இதைப் பற்றியும் அவருக்குப் பெருமை உண்டு.

பேட்டரி பன்னிரண்டரை வோல்ட். பழுதில்லை. தங்கையைச் சாவியைத் திருப்பச் சொல்லி, அடியில் புகுந்து, எஞ்சினைச் சுழற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாரின் தடித்த வயரில் சிவப்பு முனையை வைத்தார். அங்கேயும் பன்னிரண்டுக்குக் குறையவில்லை. ஆனால் மோட்டார் சுற்றவில்லை. எழுந்து வந்து தீர்ப்புச் சொன்னார். கரண்ட் வாசல்வரை வந்துவிட்டது, உள்ளே இருக்கிறவன்தான் செத்துக் கிடக்கிறான். மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

கழற்றுவது லேசாக இல்லை. துருப்பிடித்த போல்ட்டுகள் ஒவ்வொன்றும் அவர் முன்னோர்களை நினைவுக்குக் கொண்டுவந்தன. மோட்டாரை மேஜைமேல் வைத்து, வேறொரு பேட்டரியை நேராகக் கொடுத்தபோது மணி பன்னிரண்டரை. அது துள்ளிக்கொண்டு சுற்றியது. செத்துக் கிடப்பவன் இப்படிச் சுற்ற மாட்டான் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். மீட்டர்காரருக்கும் தெரிந்தது. ஆனால் அதற்குள் அவர் நாலு பேர் முன்னால் தீர்ப்பைச் சொல்லிவிட்டாரே. உள்ளே கார்பன் பிரஷ் ஒட்டிக்கொண்டு விளையாட்டுக் காட்டும், சில மோட்டார் அப்படித்தான் என்றார். பிரித்தார், துடைத்தார், தேய்த்தார், திரும்ப மாட்டினார்.

ஒன்றரை மணிக்குத் தங்கை சாவியைத் திருப்பினாள். டக். அதோடு சரி.

மாப்பிள்ளை டயரிலிருந்து எழுந்து நின்றான். எதிர்க்கடைக்காரர் வேறு வேலை இல்லாமல் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர்காரர் புது பேட்டரியைத் திட்டினார். இந்த வேனைச் செய்த கம்பெனியைத் திட்டினார். அதைத் தலையில் கட்டியவனையும், வாங்கியவளையும் விட்டுவைக்கவில்லை. சாவி ஸ்விட்சைப் பிரிக்க வேண்டும் என்று ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அளக்காமல், கண்ணில் பட்டதைப் பிரிக்கத்தான் போனார்.

தங்கை இறங்கி வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜன்னல் வழியாக அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளே இழுத்து, அவர் விரல்களைச் சோக் பிடியின்மேல் வைத்து, தன் இடது கையால் அழுத்திக்கொண்டாள். வலது கையால் சாவியைத் திருப்பினாள். டக். திருப்பியபடியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாலு விநாடி இருக்கும். மீட்டர்காரர் "ஸ்ஸ்" என்று கையை உருவிக்கொண்டார். அவருடைய இரண்டு விரல் சிவந்திருந்தது. அவள் சாவியை விட்டுவிட்டு அந்த விரல்களைப் பார்த்தாள். அதுதான் அவருக்கு விரலைவிட எரிந்தது.

கரண்ட் போனால் திரும்பி வர வழி வேண்டும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற எர்த் பட்டைதான் அந்த வழி. அது அற்றுப்போனால், எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருக்கிற, இந்தச் சோக் மாதிரி ஒல்லிக் கம்பி ஏதாவது அந்தச் சுமை முழுவதையும் சுமக்கும், சுடும். முதல் வருஷம் தொழில் பழகுகிறவனுக்கே தெரிந்த சங்கதி. அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இருக்கிறதே, பேட்டரியைக் கவ்விக்கொண்டு நகராத அந்தக் கறுப்பு வயர், அது கரண்ட் வருவதைக் காட்டுமே தவிர, திரும்புகிற வழியில் இருக்கிற இந்தக் கோளாறை ஒருநாளும் காட்டாது. கறுப்பு முனையை மோட்டாரின் உடம்பிலேயே வைத்திருந்தால் ஒன்பதேகாலுக்கு விஷயம் முடிந்திருக்கும்.

அடியில் புகுந்து பார்த்தார். பட்டை பச்சைப் பொடியாக உதிர்ந்து, ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. தடித்த கேபிள் ஒரு முழம் வெட்டி, இரண்டு முனையிலும் போல்ட் போட்டு முடுக்கினார். அவள் சாவியைத் தொட்டதும் வேன் உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. மணி இரண்டு ஐந்து. சலவை ஆலை முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தது.

அவள் ஆலை முதலாளிக்குப் போன் செய்தாள். முதல் நாளே நின்றுபோகிற வண்டி தனக்கு வேண்டாம் என்று அவர் பேசியது வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. மீட்டர்காரர் அவள் கையிலிருந்து போனை வாங்கினார். தான் யார் என்று சொன்னதும் முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. அவருடைய லாரிகளும் இந்தப் பட்டறைக்கு வருபவைதான்.

"நீங்க பாத்தும் லேட்டாச்சா?" என்றார் முதலாளி.

தங்கை அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் வந்தது சரியான பதில்தான். 'நான்தான் கெடுத்தேன்' என்ற அந்த இரண்டு சொல் பல்வரை வந்தது. எதிர்க்கடைக்காரர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

"நான் இல்லீங்க. யாரோ ஒரு அரைகுறை காலையிலேருந்து நோண்டி வெச்சிருக்கான். இப்பதான் என் கைக்கு வந்துது. ஒரு நிமிஷ வேலை. வண்டி கல்லு மாதிரி இருக்கு, நான் பொறுப்பு."

மீட்டர்காரர் பொறுப்பு என்றால் மூன்று மணிவரை காத்திருக்கலாம் என்றார் முதலாளி. மாப்பிள்ளை ஓடிப்போய் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டான். மீட்டர்காரர் போனை நீட்டியபோது அவர் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. நன்றி சொல்வாள் என்றுகூட நினைத்துவிட்டார்.

அவள் போனை வாங்கி மடியில் வைத்தாள். கியரைப் போட்டாள்.

"பெரிய உதவிண்ணா. அந்த அரைகுறைய எங்கயாவது பாத்தா சொல்லிடு, இனிமே என் வண்டியத் தொட வேணாம்னு."

வேன் அவரைத் தாண்டிப் போயிற்று. எதிர்க்கடைக்காரர் ஒன்றும் கேட்காதவர்போலக் கடைக்குள் போனார். அவர் அப்படிப் போனதைத்தான் மீட்டர்காரரால் தாங்க முடியவில்லை.