ஒட்டுப்பலகைக் கூண்டு

ஒட்டுப்பலகையில் செய்த பீரங்கிக் கூண்டுக்குள் இறங்கி உட்கார்ந்ததும் மூணுவிரலுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். கவச வண்டியின் தலையில் சுழலும் இரும்புக் கூண்டை அளவு மாறாமல் பலகையில் அடித்து, வடிவமைப்புக் கூடத்தின் நடுவே நான்கு மரக்கால்களில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சுடுபவனுக்கு ஓர் இருக்கை, வண்டித் தலைவனுக்கு ஓர் இருக்கை, இரண்டுக்கும் நடுவில் பீரங்கி. பீரங்கியின் உடல்பகுதி மட்டும் நிஜம். மற்றதெல்லாம் பலகையும் சாயமும். குறிபார்க்கும் கருவி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பிஸ்கட் டப்பாவை ஆணியடித்து வைத்திருந்தார்கள்.

"சிரிக்கிறீங்களா தம்பி?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "சிரிங்க. எதுக்குன்னு சொல்லிட்டுச் சிரிங்க."

கூண்டின் வாயில் ஒரு முகம் தெரிந்தது. தடித்த கண்ணாடி, கொண்டையில் செருகிய பென்சில். தொழிற்கூடத்தில் பென்சிலம்மா என்றுதான் பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள், அவர் கண்டுகொள்வதில்லை. ஐம்பதைத் தாண்டியவர். இந்தப் பீரங்கியின் ஊட்டுப்பெட்டியை வரைந்தவர் அவர். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு தோட்டாப் பட்டைகள் அந்தப் பெட்டிக்குள் வரும். ஒரு பக்கம் இரும்பைத் துளைப்பது, மறுபக்கம் விழுந்த இடத்தில் வெடிப்பது. ஒரு நெம்புகோலைத் தட்டினால் ஒன்று நின்று மற்றது ஓடும். நிமிடத்துக்கு அறுநூறு தோட்டா. இரண்டு வருட வேலை. படத்தைப் பார்த்தவர்கள், கைக்கடிகாரத்தைத் திறந்து பார்த்த மாதிரி இருக்கிறது என்றார்கள்.

மூணுவிரல் அங்கே பொருத்துநர். அதற்கு முன் எட்டு வருடம் இதைப் போன்ற ஒரு கூண்டுக்குள் சுடுபவனாக இருந்தவன். வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், சுண்டுவிரல் மட்டும் மிச்சம். பேனா பிடிப்பவர்களுக்குப் பீரங்கியைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம் அவனுக்கு உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகவே சொல்லியிருக்கிறான். அது எப்படியோ அந்த அம்மாள் காதுக்குப் போய்த்தான் இன்று கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தான்.

"பட்டை சிக்கிடுச்சு. பீரங்கி நின்னுபோச்சு. எடுங்க பாப்போம்."

எடுத்தான். மேல்மூடியின் நான்கு திருகாணிகளைக் கழற்ற ஒரு சாவி, உள்ளே இருந்த வில்லைத் தள்ளிப் பிடிக்க ஒரு கம்பி, கோணலாக நின்ற, மருந்தில்லாத மாதிரித் தோட்டாவை நெம்ப இன்னொன்று. வியர்த்துவிட்டது. ஒன்பது நிமிடம் என்றார் பென்சிலம்மா. குளிர்காலக் கையுறை ஒன்றைத் தூக்கிப் போட்டு, போட்டுக்கொண்டு செய்யச் சொன்னார். பதினாலு நிமிடம். பிறகு கூண்டின் வாயை மூடி இருட்டாக்கிவிட்டுச் செய்யச் சொன்னார். திருகாணி ஒன்று கை நழுவி எங்கோ உருண்டது. தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

மூடியைத் திறந்துகொண்டு அவரே உள்ளே இறங்கி, வண்டித் தலைவனின் இருக்கையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

எந்த நாளைக் கேட்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. விரலைப் பற்றிக் கேட்டவர்கள் உண்டு. நேரத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"பதினோரு நிமிஷம் மேடம். உள்ளேருந்து எட்டல. எங்க வண்டித் தலைவர், நான் வெளியே போய் மேலேருந்து தட்டிவிடறேன்டான்னு ஏறினாரு. எனக்கு அண்ணன் மாதிரி. ஏறினவர் திரும்ப உள்ள வரல. அப்புறம் நான் கையை உள்ள விட்டேன். தோட்டாவை உள்ள தள்ளற போல்ட் முன்னால பாஞ்சுது." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "விரல் போனதுகூட அப்போ தெரியல. பீரங்கி சுட ஆரம்பிச்சிடுச்சு, அதுதான் தெரிஞ்சுது."

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தான். பென்சிலம்மா கையுறையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு, "சாவியைக் கொடுங்க, நான் பண்றேன்" என்றார்.

அன்று மட்டுமல்ல, மூன்று நாள். கூடத்தில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கி ஒட்டுநாடாவால் கட்டிக்கொண்டு, கூண்டின் வாயை மூடச் சொல்லி, இருட்டுக்குள் அந்த அம்மாள் தான் வரைந்த பெட்டியோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து இரும்பு விழும் சத்தமும், இடையிடையே தன்னையே திட்டிக்கொள்ளும் சத்தமும் வந்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் வெளியே வந்தபோது விரல்முட்டி தோலுரிந்திருந்தது. மருந்துப் பெட்டியைக் கொண்டு ஓடிய மூணுவிரலைப் பார்த்து, "இதை வரைஞ்சவளை என்ன பண்ணலாம் சொல்லுங்க" என்றார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை அவர் மேசைமேல் படம் ஒன்றுகூட இல்லை. நாற்பத்தேழு உறுப்புகளின் படங்களையும் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெள்ளைத் தாளை விரித்திருந்தார்.

பிரிவுத் தலைவர் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் தலைக்குமேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்தில் தேர்வுக் குழு வருகிறது. தேறாவிட்டால் வெளிநாட்டுப் பீரங்கியை வாங்கிக்கொள்வார்கள், இந்தப் பிரிவை இழுத்து மூடுவார்கள். அவர் பேசியது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த மூணுவிரலுக்கு நன்றாகக் கேட்டது.

"ஓடிக்கிட்டிருக்கிற பெட்டியைத் தூக்கிப் போடறேங்கறீங்க. எடை நாலு கிலோ கூடும். வேகம் அறுநூறுலேருந்து ஐநூத்தி அம்பதுக்கு இறங்கும். வர்றவங்க முதல்ல பாக்கறதே அந்த ரெண்டு எண்ணைத்தானே மேடம்?"

"ஆமா சார். ஏன்னா அது ரெண்டும்தான் தாள்ல இருக்கு. சிக்கினா எடுக்க எத்தனை நிமிஷம்னு எந்தத் தாள்லயும் ஒரு கட்டம் இல்ல."

"சிக்காத மாதிரி பண்ணுங்க. அதானே நம்ம வேலை?"

"சிக்காத பீரங்கின்னு ஒண்ணு இல்ல சார். அப்படிச் சொல்றவங்க கூண்டுக்குள்ள உட்காந்ததில்ல. நானும் போன வாரம் வரைக்கும் உட்காந்ததில்ல."

பிரிவுத் தலைவர் மேசை நாட்காட்டியின் தாள்களைப் புரட்டி எண்ணினார். கடைசியில், "ஆறு மாசம். அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது. தப்பிப் போச்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து வேற வேலை தேடலாம்" என்றார்.

அந்த ஆறு மாதம் மூணுவிரலுக்கு எப்படிப் போனது என்று கேட்டால் அவனால் வரிசையாகச் சொல்ல முடியாது. பென்சிலம்மா வரைவார், அவன் மரத்தில் செய்து கூண்டுக்குள் மாட்டிப் பார்ப்பான், கை இடித்தால் இடித்த இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி போடுவான், அவர் அந்த இடத்தை அழித்து மறுபடி வரைவார். சாவி கூடாது, திருகாணி கூடாது, கழன்று விழும் எதுவும் கூடாது என்று மூன்றே சட்டம். பத்தொன்பது மரப்பெட்டி செய்தார்கள். பதினாலாவதில் எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று கூடமே கைதட்டியது. அடுத்த நாளே அவர் அதைத் தூக்கிப் போட்டார். பெட்டியை வெளியே இழுக்கும்போது போல்ட் முன்னால் பாய ஒரு வழி இருக்கிறது, நூற்றில் ஒரு தடவை பாயும் என்றார்.

"நூத்துல ஒண்ணுதானே மேடம்" என்றார் அவர் உதவியாளர்.

"ஒருத்தருக்கு வலது கை ஒண்ணுதானே" என்றார் பென்சிலம்மா.

பத்தொன்பதாவதில் அதற்கு வழி பிறந்தது. பெட்டி அரை விரல் அகலம் நகர்ந்தாலே ஒரு கொக்கி எழுந்து போல்ட்டைப் பின்னாலேயே பிடித்துக்கொள்ளும். பெட்டி திரும்ப உட்காரும்வரை ஆனை வந்து தள்ளினாலும் விடாது. பூட்டாக நிற்கும் ஒரே இரும்பு ஊசியை இழுத்தால் பெட்டி முழுதாக நழுவி மடியில் வந்து விழும். நாற்பத்தேழு உறுப்பு முப்பத்தொன்றாகியிருந்தது. பார்க்க அழகில்லை. பழைய பெட்டி கடிகாரம் என்றால் இது தபால்பெட்டி. ஆனால் அந்தக் கொக்கியைத் தன் கையால் அரம் போட்டு, உள்ளே பொருத்தி, முதன்முதலாக மூன்று விரலையும் போல்ட்டின் பாதையில் வைத்துப் பார்த்த அன்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. பின்னால் நின்றிருந்த பென்சிலம்மா மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததை அவர் அதை விட்டபோதுதான் உணர்ந்தான்.

"கையை எடுங்க தம்பி. போதும்."

"இருக்கட்டும்க்கா. ஒண்ணும் ஆகாது." மேடம் அக்காவானது அன்றைக்குத்தான். இருவருமே அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் அவன் மனைவிக்கு இதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடி ஒருநாள் கேட்டாள். "எல்லாஞ் சரி. அது சுடற பக்கம் இருக்கறவனுக்கும் பொண்டாட்டி இருப்பாள்ல?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குக் கை நின்றது. "இருப்பா" என்றான்.

"உங்க அக்கா என்ன சொல்றாங்க?"

"கேட்டேன். தெரியலைன்னாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆள் அது. உள்ள உட்கார்றவனைத்தான் எனக்குத் தெரியும், அவனுக்காகத்தான் வரையறேன்னாங்க."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்தக் கேள்வி சில நாள் அவனோடு வேலைக்கு வந்து வேலையிலிருந்து திரும்பியது.

தேர்வு நாளன்று வெயில் மண்டையைப் பிளந்தது. சுடுதளத்தின் மேட்டில் கூரை போட்ட மேடை. அதில் குழுத் தலைவரும் ஐந்து அதிகாரிகளும். எண்ணூறு மீட்டர் தள்ளி இரும்புத் தகடுகள். கூண்டுக்குள் சுடுபவனாக யாரை உட்கார வைப்பது என்ற பேச்சு வந்தபோது பென்சிலம்மா மூணுவிரலைக் காட்டினார். பிரிவுத் தலைவர் அவன் கையைப் பார்த்தார், அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தார், எதிர்ப்புச் சொல்லவில்லை. அதோடு விடாமல் பென்சிலம்மா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தானே வண்டித் தலைவனின் இருக்கையில் ஏறிவிட்டார். இறங்குங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஆயிரம் தோட்டா சுட வேண்டும். முதல் முந்நூறு தடையில்லாமல் போனது. நெம்புகோலைத் தட்டினான், பட்டை மாறியது, தகட்டில் ஓட்டை விழுவது நின்று புழுதி எழுந்தது. ஐநூறு. அறுநூறு. அவன் காதுக்குள் அவர் குரல் ஒவ்வொரு நூறையும் சொல்லிக்கொண்டே வந்தது, குழந்தைக்குப் படி எண்ணிக் காட்டுகிற மாதிரி. எழுநூற்று நாற்பது என்றார். அப்போது நின்றது.

அந்த மௌனம் அவனுக்குத் தெரிந்த மௌனம். கை விசையை விட்டு வரவில்லை. மேட்டில் யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவது காதுக்கருவியில் கேட்டது. முடிந்தது என்று நினைத்திருப்பார்கள்.

"தம்பி," என்றார் பென்சிலம்மா. குரல் ஏறவில்லை. "எடுங்க."

ஊசியை இழுத்தான். பெட்டி நழுவி மடியில் விழுந்தது. கொக்கி எழுந்த 'டக்' காதுக்குக் கேட்கவில்லை, கைக்குத் தெரிந்தது. பட்டையின் ஒரு கண்ணி வளைந்து, தோட்டா தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுக் கண்ணியைப் பிய்த்தெடுத்தான். தோட்டாவை நேராக்கினான். பெட்டியை ஏற்றி, ஊசியைத் தள்ளி, நெம்புகோலை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு விசையை அழுத்தினான். பீரங்கி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மிச்சம் இருநூற்று அறுபதும் ஒரே மூச்சில் போயின.

இறங்கி வந்தபோது பென்சிலம்மாவின் கண்ணாடியில் புகை படிந்து கண்ணே தெரியவில்லை. குழுத் தலைவர் மேட்டிலிருந்து இறங்கி வந்து எதிரில் நின்றார்.

"ஒரு தடை. விதிப்படி அதைக் குறிச்சாகணும்."

"குறிங்க சார்" என்றார் பென்சிலம்மா. "பக்கத்துல நேரத்தையும் எழுதிக்குங்க. முப்பத்தெட்டு வினாடி."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"ஓரத்துல இடம் இருக்கு சார்."

குழுத் தலைவர் தாளைப் பார்த்தார். எழுதவும் இல்லை, மூடவும் இல்லை. வண்டியைப் பார்த்தார். "எந்தச் சாவியும் இல்லாம?" என்று கேட்டது பென்சிலம்மாவை அல்ல, மூணுவிரலை.

"கைதான் சார்" என்றான்.

அதற்குள் சுடுதளத்துக் காவலுக்கு வந்திருந்த வண்டிப்படை ஆட்களில் ஒருவன் யாரிடமும் கேட்காமல் கூண்டுக்குள் இறங்கிவிட்டான். தோட்டாப் பட்டையை எல்லாம் எடுத்தாகிவிட்டதா என்று மூணுவிரல் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, ஒரு மாதிரித் தோட்டாவைக் கோணலாகச் செருகிக் கொடுத்தான். வெளியே நின்றவர்கள் கைகொட்டி எண்ண ஆரம்பித்தார்கள். உள்ளே இறங்கியவன் அறுபத்திரண்டில் முடித்துவிட்டு முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தான். அடுத்தவன் ஏறினான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், வண்டி ஓட்டுநர், சமையல் வண்டியோடு வந்த ஆள்.

பிரிவுத் தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி பென்சிலம்மாவிடம் ஏதோ கேட்டார். அவர் வண்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மூணுவிரலும் பார்த்தான். குழுத் தலைவர் தாளைப் பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் கொடுத்தார். தொப்பியைக் கழற்றி அதன் மேலேயே வைத்தார். சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு, சமையல் வண்டி ஆளுக்குப் பின்னால், கொதிக்கும் வெயிலில், வரிசையின் கடைசியில் போய் நின்றார். கூண்டுக்குள்ளிருந்து பெட்டி நழுவும் சத்தம் வந்தது. வெளியே எல்லோரும் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, இருபத்திமூணு.