கால் விநாடிப் பொறுமை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மூன்றாவது இட்லியைச் சாம்பாரில் முக்கும்போதுதான், ஒரு பெண்மணியின் வாயைப் பத்தொன்பது நாளாக நான் பொத்திக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவந்தது.

சேதி சொன்னவள் என் மனைவி ஷர்மிளா. பிசியோதெரபிஸ்ட். படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்க் கைகால்களை மடக்கி நீட்டிவிட்டு வருவாள். வீட்டில் என்னையும் ஏறக்குறைய அப்படித்தான் நடத்துவாள்.

"கரையான்சாவடி ஹெலினா அக்கா இருக்காங்கல்ல? பாவம், மூளையும் போயிடுச்சாம். இன்னிக்கு மூணு மணிக்கு ஹோமுக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்றாள்.

ஹெலினா அக்காவை நான் பார்த்ததில்லை. ஷர்மிளா சொல்லித்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். நான்கு வருடமாக நரம்பு நோய். பேச்சு போய், கைகால் போய், இமைகூடத் தன்னிஷ்டத்துக்குத் துடிக்கும் நிலை. மிச்சமிருப்பது வலது கட்டைவிரல் ஒன்றுதான். அந்த விரலுக்கு ஒரு டிவி ரிமோட்டைக் கொடுத்து, அழுத்தி அழுத்தித் திரையில் எழுதுவதற்கு ஒரு சின்னக் கணினிப் பெட்டியும் செய்து வைத்திருந்தார் அவருடைய தம்பி சத்தியராஜ். கப்பல் இன்ஜினியர். செய்து வைத்துவிட்டுக் கப்பலேறியவர், எந்தக் கடலில் இருக்கிறாரோ தெரியாது.

"மூளை போச்சுன்னு எப்படிச் சொல்றாங்க?"

"டாக்டரே வந்து பார்த்தாரு. ஆமான்னா ஒரு தடவ அழுத்துங்க, இல்லைன்னா ரெண்டு தடவன்னாரு. உங்க பேர் ஹெலினாவான்னு கேட்டா, டிக் டிக். இல்லையாம். இவர் உங்க வீட்டுக்காரரான்னா, அதுக்கும் டிக் டிக். அலெக்ஸ் அண்ணன் முகத்தப் பார்க்கவே முடியல. கடைசியா அவரே கேட்டாரு, 'ஹெலினா, நீ என்கூட இங்கயே இருக்கியாம்மா'ன்னு."

"அதுக்கு?"

"டிக் டிக்."

தன் செல்பேசியை என் தட்டுப் பக்கம் நீட்டினாள். ஹெலினா அக்காவின் டிவித் திரையைப் படம் எடுத்திருந்தாள். 'கதகஅபகஅஅத' என்று ஏதோ ஓடியது. "முன்னாடியெல்லாம் என்னையே கிண்டல் பண்ணி எழுதுவாங்க. இப்ப பத்தொம்பது நாளா இதுதான் வருது."

நான் எழுத்தைப் பார்க்கவில்லை. டிவிக்குக் கீழே, நீல விளக்கோடு நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டைப் பார்த்தேன். கையிலிருந்த இட்லி சாம்பாருக்குள் மூழ்கியது.

அந்தத் துண்டு எனக்குப் பழக்கம். அதற்கு டிரைவர் எழுதியவன் நான்.

விளக்கிவிடுகிறேன். பகலில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் கர்னலுக்குச் சம்பளமில்லாத ஊழியம். நாங்கள் இருக்கும் ஆவடியில் கர்னல் என்றால் ராணுவ அதிகாரி. என் மாமனார் ஆறு மாதம் அந்த மரியாதையோடு என்னை நடத்திவிட்டு, விஷயம் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். இந்தக் கர்னல் கணினிக்குள் உட்கார்ந்து வேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகி. ரிமோட் அனுப்பும் அகச்சிவப்பு ஒளியை அந்தக் கறுப்புத் துண்டு வாங்கும். வாங்கியதை 'இன்ன பட்டனை அழுத்துகிறார்கள்' என்று கர்னலுக்கு எடுத்துச் சொல்லும் நிரல்தான் டிரைவர். மொத்தம் முந்நூற்று எண்பது வரி. ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடையொன்றில் கூடையில் கொட்டி விற்ற அந்தத் துண்டை உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் வைத்திருக்கிறேன் என்று நம்பி எழுதியது.

ரிமோட் பட்டனை அழுத்திப் பிடித்தால், 'இன்னும் அழுத்துறேன், இன்னும் அழுத்துறேன்' என்று விநாடிக்கு ஒன்பது தடவை ஒளி வரும். அது நின்றதும் விரலை எடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன், என் டிரைவர் கால் விநாடி பொறுத்துப் பார்க்கும். எங்கள் வீட்டு டிவியிலும் அதே துண்டைத்தான் மாட்டியிருந்தேன்; ஷர்மிளாவுக்கு அந்தக் கால் விநாடி பிடிக்கவில்லை. "விரல எடுத்தப்புறமும் சவுண்டு ஏறிட்டே போகுது. என்னத்ததான் எழுதுற நீ?" என்றாள். எனக்குத் தன்மானம் பொத்துக்கொண்டு வந்தது. 250 மில்லி விநாடி என்று இருந்ததை 120 ஆக்கினேன். ஒரே ஒரு வரி மாற்றம்.

அனுப்பும்போது காரணம் எழுத வேண்டும். 'சாதாரணமாகப் பயன்படுத்துவோருக்கு வித்தியாசம் தெரியாது' என்று எழுதினேன். பரிசோதித்தவர் பெயரையும் போடுவது வழக்கம். யாரும் அகப்படாததால் ஷர்மிளாவின் பெயரைப் போட்டேன். அவள் செய்த பரிசோதனை, ஒரு சீரியலை முழுசாகப் பார்த்துவிட்டு "இப்ப பரவால்ல" என்றது. பிழை திருத்தம் என்று முத்திரை வேறு குத்தினேனா, பழைய பதிப்புகளுக்கும் அது சுடச்சுடப் போய்ச் சேர்ந்தது.

"அக்காவுக்குக் கை நடுங்குமா?" என்று கேட்டேன்.

"நல்லா நடுங்கும். அழுத்துறப்ப ரிமோட்டே ஆடும்."

"அந்தப் பெட்டி தானா அப்டேட் ஆகுமா?"

"மாசத்துக்கு ஒரு தடவன்னு அவங்க தம்பி சொன்னாரு. ஏன், உனக்கு எதுக்கு வேர்க்குது?"

ரிமோட் ஆடினால் ஒளி ஒரு கணம் தவறும். பழைய டிரைவர் அதைப் பொறுத்துக்கொண்டது. புதியது, விரலை எடுத்தாச்சு என்று ஒரு தரமும், மறுபடி அழுத்தியாச்சு என்று இன்னொரு தரமும் சொல்லும். ஒரு டிக் இரண்டாகும். ஆமாம் என்பது இல்லை ஆகும். எழுதும்போதும் அப்படியே: திரையில் ஒரு வெளிச்சக் கட்டம் தானாக நகர்ந்துகொண்டிருக்கும்; முதல் அழுத்தலில் எழுத்துகளின் வரிசை, இரண்டாவதில் எழுத்து. இரண்டும் ஒரே மூச்சில் விழுந்தால், எப்போதும் வரிசையின் முதல் எழுத்துதான் வரும். அ, க, த, ப. அந்தப் படத்தில் வேறு எழுத்தே இல்லை.

"ஷர்மி, அவங்க மூளைக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். "ஆனது எனக்குத்தான்."

நான் சொல்லி முடிக்கும் வரை அவள் குறுக்கே பேசவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது முதல் தடவை. பிறகு, "என் பேரப் போட்டியா?" என்றாள். "என் பேஷண்ட்டுக்கு நானே டெஸ்ட் பண்ணிக் குடுத்தேனா?"

அலெக்ஸுக்குப் போன் செய்தாள். பூசைக்குப் போயிருப்பார் போல, எடுக்கவில்லை. அவர் வீட்டுப் பெட்டியில் எந்தக் கர்னல் பதிப்பு ஓடுகிறது என்று தெரியாததால், இருந்ததையெல்லாம் மடிக்கணினியில் இறக்கினேன். அது இறங்கி முடிக்கப் பன்னிரண்டரை. பருத்திப்பட்டு தாண்டி, காடுவெட்டி தாண்டி, சென்னீர்குப்பத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் ஊர்ந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்றே முக்கால்.

கதவைத் திறந்தவர் அலெக்ஸ். அம்பத்தூரில் முப்பது வருடம் லேத்தில் நின்றவர். உள்ளங்கை அரம் மாதிரி இருந்தது. உள்ளே அவர் அக்கா ரோஸி, ஹெலினா அக்காவின் நைட்டிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் ஹெலினா அக்கா. விட்டத்தைப் பார்த்தபடி. நான் அந்தக் கண்களைத் தவிர்த்தேன்.

வந்த விஷயத்தைச் சொன்னதும், "ரிமோட்டு ரிப்பேர்ன்றியா தம்பி?" என்றார் அலெக்ஸ். "பேட்டரி மாத்திப் பாத்தேன். புது ரிமோட்டே வாங்கினேன். நான் அழுத்துனா ஒண்ணுதான் உழுது. அவ அழுத்துனாதான் ரெண்டு. அப்ப கோளாறு எங்க கீது?"

"என்கிட்டண்ணே."

"இவரு யாரு, கம்பெனிக்காரரா?" என்றார் ரோஸி.

"இல்லக்கா. அத எழுதினவன்."

"காசு வாங்கிக்கினா?"

"சும்மாதான்க்கா."

"சும்மா எழுதுனதுக்கே இந்த கதியா?"

தரையில் உட்கார்ந்து, பெட்டியோடு என் மடிக்கணினியை இணைத்தேன். 120 ஐ அழித்து 250 என்று அடித்தேன். வேலை அவ்வளவுதான். ஆனால் அதை இயந்திர மொழிக்கு மாற்றிப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டுமே. முதல் தடவை பெட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. பதிப்பில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. இரண்டாம் தடவை ஆரம்பிக்கும்போது, மூன்று மணிக்கு வர வேண்டிய ஆம்புலன்ஸ் இரண்டரைக்கே வந்து வாசலில் நின்றது.

அதை ஓட்டி வந்த பூபாலன் உள்ளே எட்டிப் பார்த்தார். "அண்ணாத்தே, ஸ்ட்ரெச்சர் இந்த வழில திரும்பாது போலகீதே. ஆள் புடிச்சுத் தூக்கிடலாமா?"

"அஞ்சு நிமிஷம்" என்று ஷர்மிளா அவர் முன்னால் கையை விரித்து நின்றாள். 

"நானும் பாத்துட்டேன் கண்ணு" என்றார் ரோஸி, குரல் இறங்கி. "பத்தொம்பது நாளும் இந்த அஞ்சு நிமிஷந்தான். என் தம்பிக்கு இனிமே ஆசை காட்டாதீங்க."

கடைசிக் கட்டளையை அடித்தேன். பெட்டியின் நீல விளக்கு அணைந்து, மறுபடி எரிந்தது.

"ஏறிடுச்சு. கேளுங்கண்ணே" என்றேன்.

அலெக்ஸ் சுவரோடு ஒதுங்கினார். "நீங்களே கேளுங்கமா. இன்னொரு தபா அந்த ரெண்டு டிக் கேக்கத் தெம்பு இல்ல எனக்கு."

ஷர்மிளா கட்டிலருகே குனிந்தாள். "அக்கா, உங்க பேர் ஹெலினாவா?"

கட்டைவிரல் அசைந்தது. ரிமோட் படுக்கை விரிப்பின் மேல் கிடுகிடுவென ஆடியது.

டிக்.

காத்திருந்தோம். பிரிட்ஜ் உறுமி நின்றது. வெளியே மெயின் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. இன்னொரு டிக் வரவில்லை.

"ஒண்ணுதான்" என்றார் பூபாலன், விவரமே தெரியாமல், ஆனால் எல்லோருக்கும் முன்னால்.

அதற்குள் திரையில் வெளிச்சக் கட்டம் வரிசை வரிசையாக இறங்கத் தொடங்கியிருந்தது. டிக். கட்டம் நின்று, பக்கவாட்டில் நகர்ந்தது. டிக். 'எ'. அடுத்த எழுத்துக்குப் பத்து விநாடி. அதற்கடுத்ததற்கு இன்னும் பத்து. நாங்கள் ஐந்து பேரும் முதல் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி வாய்விட்டுக் கூட்டிப் படித்தோம்.

'எல்லாம் கேட்டேன்.'

படித்து முடித்த பிறகுதான் அர்த்தம் உறைத்தது. டாக்டர் சொன்னது, உறவுக்காரர்கள் கட்டில் காலடியில் நின்று உச்சுக் கொட்டியது, எந்த ஹோம் நல்லது என்று பேசியது, எல்லாம். ரோஸி பையிலிருந்த நைட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பீரோவுக்குள் அடுக்கினார். அலெக்ஸ் இருந்த இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தார்.

நான்தான் சொல்ல வேண்டும். எழுந்து கட்டிலருகே போனேன். முதல் தடவையாக அந்தக் கண்களைப் பார்த்தேன். கணக்கு டீச்சர் கண்கள்தான், சந்தேகமே இல்லை. "அக்கா, தப்பு என்னோடது. ஒரு நம்பர மாத்தி வெச்சேன். யாரும் உபயோகிக்கலன்னு நெனச்சேன். மன்னிச்சுடுங்க" என்றேன். இவ்வளவையும் வரிசையாகச் சொன்னேனா, உளறினேனா என்று தெரியாது.

கட்டம் இறங்கியது. 'யார் இந்தாளு.'

"என் வீட்டுக்காரருக்கா" என்றாள் ஷர்மிளா, மூக்கை உறிஞ்சியபடி.

நீண்ட நேரம் டிக் டிக் என்று வந்தது. 'பாவம் நீ.'

பூபாலன் முதலில் சிரித்தார். பிறகு ரோஸி. அலெக்ஸ் சிரிக்கவில்லை. முழங்காலால் நகர்ந்து வந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இங்கயே இருக்கணும்னுதான் அன்னிக்கு சொன்னியாமா? நான்தான் போறேன்னு சொல்றியோன்னு... உன் முன்னாடியே இன்னான்னவோ பேசிக்கினு..."

கட்டம் மறுபடி கிளம்பியது. அலெக்ஸ் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். "ப... த்... தா... ம்... தே... தி..." அங்கே அவர் குரல் நின்றது. பத்தாம் தேதி என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியாது. இந்த மனுஷன் எதைச் சொல்லித் தொலைத்தாரோ. அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

எழுத்துகள் வந்துகொண்டே இருந்தன. இப்போது யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

'பத்தாம் தேதி நீ பாடின பாட்டு. சுருதி சேரல.'

அலெக்ஸின் காது மடல் சிவந்தது. "உனக்குப் புரியாதுன்னுதானே பாடினேன்" என்று முணுமுணுத்தார். கட்டம் நிற்கவில்லை.

'திரும்ப பாடு.'

அவர் திரையைப் பார்த்தார். ரோஸியைப் பார்த்தார். வாசலில் சாய்ந்து நின்ற பூபாலனையும், கையில் மடிக்கணினியோடு நின்ற என்னையும், துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஷர்மிளாவையும் பார்த்தார்.

"எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?" என்றார்.