நேர்ல பார்த்தேன், அமைதியான வீடு

மதியம் ஒரு மணிக்குத் தகரப் பட்டறையில் எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள். இரண்டு மணிக்குச் சுத்தியலும் வெட்டும் மெஷினும் மறுபடி ஆரம்பித்துவிடும். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் வீட்டுத் தரகருக்கு நல்ல நேரம். பட்டறையை ஒட்டிய வீட்டின் ஜன்னல்களைத் திறந்து, விளக்கையெல்லாம் போட்டு, மூலையில் நின்று படம்பிடித்துப் பத்தடி அறையை இருபதடியாகக் காட்டினார். "காத்து பாருங்க, வெளிச்சம் பாருங்க" என்று வாய் ஓயாமல் பேசினார். சத்தத்தைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை.

வீடியோவை ஏற்றியதும் குடும்பக் குழுவில் செய்தி போனது. "போட்டாச்சு. எல்லாரும் கமெண்ட் போடுங்க. முதல் ஒரு மணி நேரத்துல பத்து கமெண்டாவது விழுந்தாத்தான் நாலு பேர் கண்ணுல படும்."

சொந்தக்காரப் பிள்ளைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? சித்தப்பா எந்த வீட்டுக்கும் "வாழ்த்துக்கள்" என்றே போடுவார். மச்சான் நான்கு மாதத்தில் ஏழு வீடுகளை "என் கனவு இல்லம்" என்று எழுதியிருக்கிறார்.

தரகரின் தங்கை மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் சோதிப்பவள். எந்த ரிப்போர்ட்டையும் இரண்டு முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். அப்படிப்பட்டவள், அண்ணன் என்றதும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, "நேர்ல பார்த்தேன், ரொம்ப அமைதியான வீடு" என்று தட்டிவிட்டாள். அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, இரவுப் பணியில் இருந்த நர்ஸ் ஒருத்தி ரத்தக் குழாய்களைக் கொண்டுவந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ஒரு குழாயில் வேறொரு நோயாளியின் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது. தங்கை அதை அவளிடம் காட்டினாள்.

"மன்னிச்சிருங்கக்கா. வீடு மாறினதிலேர்ந்து தூக்கமே இல்ல. பக்கத்துலயே தகரப் பட்டறை. ராத்திரி டியூட்டி பாக்குறவ பகல்லதானே தூங்கணும்?"

"பார்க்காமலா வீடு எடுத்தே?"

"பார்த்தேங்கா. தரகர் ஒரு மணிக்குத்தான் வரச் சொன்னாரு. அப்ப ஒரு சத்தமும் இல்ல. அதோட, வீடியோவுக்குக் கீழ நீங்களே எழுதியிருந்தீங்க. நம்ம அக்காவே பார்த்திருக்காங்கன்னு தைரியமா எடுத்துட்டேன்." பிறகு தயங்கிக் கேட்டாள். "நீங்க எந்த நேரத்துலக்கா போனீங்க?"

அந்தக் கேள்வியில் குத்தலே இல்லை. அதனால்தான் தங்கைக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. புதிதாக ரத்தம் எடுத்துவரச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள்.

"பக்கத்துல பட்டறை இருக்குன்னு ஏண்ணா சொல்லல?"

"யாரும் கேக்கல, நானும் சொல்லல. வீடியோவ மறுபடி பாரு. அமைதியான வீடுன்னு என் வாயால ஒரு தடவையாவது சொல்லியிருக்கேனா? அத எழுதினது நீ!"

அவர் சொன்னது உண்மை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்குப் போனாள். நர்ஸ் காதில் பஞ்சோடு கதவைத் திறந்தாள். தங்கை அங்கேயே உட்கார்ந்து, தன் பழைய கமெண்டுக்குக் கீழே எழுதினாள். "இந்த வீட்டைப் பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதிவிட்டேன். இன்றுதான் பார்க்கிறேன். பகலெல்லாம் பட்டறைச் சத்தம் காதைப் பிளக்கிறது. என்னை நம்பியவர் மன்னிக்க வேண்டும்."

ஐந்தாவது நிமிடம் அண்ணன் அழைத்தார். "கூடப் பொறந்தவளே பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?"

"நீ சொல்றது ஒண்ணும் கேக்கல. இங்கயே வந்து திட்டு. இப்பவே வா, ஒரு மணிக்கு வராதே!"

கொதித்துக்கொண்டு வந்தார். அவர் வாயைத் திறந்ததும் பட்டறையில் மெஷின் அலறியது. "என்ன?" என்றாள் தங்கை. மறுபடி கத்தினார். மறுபடி மெஷின். கட்டிலில் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருந்த நர்ஸ், ஒவ்வொரு அலறலுக்கும் தூக்கிவாரிப்போட்டு விழித்தாள். மூன்றாவது முறை விழித்தபோது தரகர் திட்டுவதை விட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனார்.

மெஷின் ஓய்ந்த ஒரு நிமிடத்தில் தங்கை சொன்னாள்.

"சரிபார்க்காம ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டா ஒருத்தர் உயிருக்கே ஆபத்துன்னு எனக்குத் தெரியும். கமெண்டும் கையெழுத்துதான்னு நேத்துதாண்ணா தெரிஞ்சுது. கண்ணால பார்க்காதத பார்த்தேன்னு எழுதினா அது பொய்ச் சாட்சி. பாசத்துல எழுதினாலும் பொய்ச் சாட்சிதான்."

தரகர் வெளியே போய் நர்ஸின் அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரரிடம் வெகுநேரம் பேசினார். நர்ஸுக்கு வேறு வீடு பார்த்துத் தர அவருக்கு ஒரு வாரம் ஆனது. அந்தப் புது வீட்டின் வீடியோவில் முதல் வார்த்தையே இதுதான்: "எதிர்ல பள்ளிக்கூடம். காலைல எட்டரைக்கும் சாயங்காலம் நாலுக்கும் இரைச்சல் இருக்கும். மத்த நேரம் தூங்கலாம்."

குடும்பக் குழுவிலும் எழுதினார். "வீட்ட நேர்ல பார்க்காதவங்க யாரும் கமெண்ட் போட வேண்டாம்."

சித்தப்பா மட்டும் பழக்க தோஷத்தில் "வாழ்த்துக்கள்" என்று போட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் தரகர் அதை விட்டுவைத்தார்.