முப்பத்தெட்டுப் பேரும் ஆடுகளோடு போன இருவரும்

1

இந்தக் கதையை நான் வேலிக்கு மேலால் எடுத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி கோல்நார். ஈரானின் மேற்கு மலைகளில் ஆடு மேய்க்கும் லூர் மக்களில் ஒருத்தி. அவள் தன் ஊரைச் சொல்லச் சொல்ல, உடுப்புக் காயப்போட வந்ததையே மறந்து நின்றேன். (எங்களுக்கிடையில் ஓடுவது அரைகுறை ஆங்கிலம். இங்கே அவள் யாழ்ப்பாணத் தமிழ் பேசினால் பிழை என்னுடையது.)

2

தொடக்கம் ஒன்று: "மலையடிவாரத்தில், பனி சூழ்ந்த ஓர் அழகிய…"

வேண்டாம். அழகைப் பற்றிக் கோல்நார் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தொடக்கம் இரண்டு: "அந்த ஊரில் நாற்பது பேர்."

இது நல்லது. ஆனால் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியபோது, என் கதைகளை விடாமல் கேட்கும் கேதீஸ்வரன் குறுக்கே விழுந்தான்.

"அன்ரி, உந்த ஊரை நீங்கள் பாத்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி."

"பிறகெப்பிடி நாப்பதெண்டு அடிச்சுச் சொல்லுறியள்?"

"எண்ணினது நானில்லை. கோல்நாரின்ரை மாமி, தூபா."

அங்கேதான் சிக்கல், பிள்ளைகளே.

3

அங்கே கோடைகாலத்தில், இந்த 1976இல்தான், ஆள் எண்ணும் அதிகாரி ஒருவர் கழுதையில் வந்தாராம். நாற்பது பேர் இருந்தால் ஊருக்கு ஒரு வாத்தியார் கிடைப்பார். ஊரில் ஒருவருக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாது. எண்ணினால் முப்பத்தெட்டு.

லூர் ஊர்களில்… மற்ற ஊர்களை நான் அறியேன். கோல்நாரின் ஊரில், கோடையில் ஆடுகளோடு மலையேறியவர்களை ஊரில் இல்லாதவர்களாகக் கணக்கெடுப்பதில்லை. குளிர் தொடங்கியதும் இறங்கி வந்துவிடுவார்கள் அல்லவா? தூபா நிமிர்ந்து நின்று, "என் மகனும் மருமகளும் ஆடுகளோடு போயிருக்கிறார்கள்" என்றாள்.

அதிகாரி பென்சிலால் நாற்பது என்று எழுதினார். பனி விழுந்ததும் திரும்பி வந்து பார்த்துவிட்டு, மையால் எழுதுவாராம்.

அந்த மகனும் மருமகளும் சிட்னியில், எங்கள் பக்கத்து வீட்டில். இதையெல்லாம், சாமான் விற்க வந்த வியாபாரியைக் கொண்டு தூபா எழுதுவித்த கடிதத்தைக் கோல்நார் என்னிடம் நீட்டினாள், நான் பாரசீகம் வாசிப்பேன் என்பதுபோல.

4

"மாமி பொய் சொல்லிப்போட்டாவே?" என்றேன்.

"பொய்யோ? இவர் எங்கை வேலை, அன்ரி?"

அவள் கணவன் அலிமொராத் கம்பளிக் கிடங்கில் ஆட்டுரோமம் தரம் பிரிக்கிறான். அவன் வேலையால் வந்தால் எங்கள் குசினி அடுப்பு வரைக்கும் செம்மறி மணக்கும்.

"ஆடுகளோடைதானே போயிருக்கிறார்!" என்று சிரித்தாள். பிறகு வயிற்றில் கைவைத்தாள். ஐந்து மாதம். "ஆனா பனிக்கு இறங்க ஏலாதே. மாமிக்கு என்னத்தை எழுதுறது?"

5

முடிவு அ: இருவரும் விமானம் ஏறுகிறார்கள். (எழுத எனக்குச் சுகம். ஏறப்போவது நானில்லையே.)

முடிவு ஆ: கோல்நார் உள்ளதை எழுதுகிறாள். பென்சில் அழிகிறது. வாத்தியார்… இதைப் பாதியில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.

முடிவு இ: அதிகாரியின் மனம் இளகி…

"உதுதான் அன்ரி! உதோடை முடியுங்கோ!" என்றான் கேதீஸ்வரன்.

கழுதையில் வந்த களைப்போடு இருக்கும் மனிதரை எப்படியடா இளக்குவது?

6

நவம்பரில், கொளுத்தும் வெயிலில், வான்தபால் தாளான ஓர் ஏரோகிராமால் விசிறிக்கொண்டே கோல்நார் வேலிக்கு வந்தாள்.

"நான் சொல்ல இவர் எழுதினவர். பட்டாளத்திலை பழகின எழுத்து. ரெண்டு வரிதான்."

மொழிபெயர்த்தும் சொன்னாள்: "மாமி, உங்களுக்குப் பனி என்றால் எங்களுக்கு இப்போதுதான் கோடை. கோடையில் யாராவது மலையிலிருந்து இறங்குவார்களா?"

வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "சரி, இஞ்சை குளிர் வந்தால்?"

"அப்ப அங்கை கோடை, அன்ரி. எல்லாருமே மலையிலைதானே!"

அப்படியென்றால் நீங்கள் ஒருநாளும்…

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவளும் முடிக்கவில்லை. ஏரோகிராமைத் தபாலில் போட்டுவிட்டு வந்தோம்.

7

இனி உங்கள் வேலை. தூபா அந்த ஏரோகிராமை யாரிடம் கொடுத்து வாசிப்பிப்பாள்? பனியில் வந்து இறங்கும் அந்த அதிகாரியிடம்தான். அங்கே வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. இங்கே வாசித்துக்கொண்டிருப்பவர் நீங்கள்.

முப்பத்தெட்டுப் பேரும் சுற்றி நிற்கிறார்கள். பென்சிலால் நாற்பது என்றிருக்கிறது. இந்தாருங்கள், மைப்பேனா.