மடிப்பில் எழுதிய காய்ச்சல்

ஏல நிறுவனத்தின் சமகால ஓவியப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். மேடையேறிச் சுத்தியல் தட்டி ஏலம் நடத்துவதும் அவரே என்பதால் ஊழியர்களுக்கு அவர் "சுத்தியல் மேடம்". இருபத்தாறு வருடங்களுக்கு முன் தொலைபேசியில் ஏலம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். இந்த ஏலம் நன்றாக நடந்தால் நிர்வாகக் குழுவில் இடம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பு, படங்களைப் பார்வைக்கு வைத்திருந்த கூடத்தில் ஒரே சத்தம். மறைந்த பிரபல ஓவியர் ஒருவரின் பெரிய நீலப் படத்தை எழுபது வயது அம்மா ஒருவர் தொடப் போக, காவலாளி தடுத்துக்கொண்டிருந்தார். ஏலப் பட்டியலின் அட்டையில் வந்த படம் அது.

"தொடக்கூடாதுன்னு போர்டு இருக்கேம்மா, பாக்கலியா?" என்று கேட்டார் மேடம்.

"நான் வரைஞ்சதை நானே தொடக்கூடாதா?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அவர் என் வீட்டுக்காரர். இதுல கையெழுத்து மட்டும்தான் அவரோடது. அவர் பேர் போட்டாத்தான் விக்கும்னார், நானும் சரின்னுட்டேன். சட்டத்தைக் கழட்டிப் பாருங்க. இடது பக்கம், துணி மடிப்புல, பொண்ணோட காய்ச்சலைக் குறிச்சிருப்பேன். நூத்தி மூணு, நூத்தி ரெண்டு, நூறு. ஒரு கண்ணு அவ மேல, ஒரு கண்ணு படத்து மேலன்னு வரைஞ்சது."

சட்டத்தைக் கழற்றினார்கள். மடிப்பில் பென்சிலால் மூன்று எண்கள், அதே வரிசையில். அந்த அம்மாவை ஒரு காகிதத்தில் எழுதச் சொல்லி ஒப்பிட்டார்கள். '2' என்ற எண்ணின் வால்கூட அதே மாதிரி வளைந்திருந்தது.

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏலம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார். வாங்கினவங்க முகத்துல நாளைக்கு எப்படி முழிப்பேன்?"

உண்மையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று படத்தின் உரிமையாளரிடம் மேடமே பேசினார். அவர் அரை நாள் கத்தித் தீர்த்துவிட்டு, "என்னவோ பண்ணுங்க" என்று இறங்கி வந்தார்.

ஏல மேடையில் மேடம் உண்மையைச் சொல்லி, வரைந்தவர் என்று அந்த அம்மாவின் பெயரை அறிவித்தார். ஏலம் கேட்டு முதல் கை தயங்கித்தான் எழுந்தது. எதிர்பார்த்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் படம் போனது. கடைசி வரிசையில் அந்த அம்மா மட்டும், "என் பேரை மைக்குல சொன்னாங்க, கேட்டீங்களா?" என்று பக்கத்திலிருந்தவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

நிர்வாகக் குழு இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஆனால் செய்தி பரவியது. மூன்றாம் மாதம் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து அழைப்பு: அந்த அம்மா வரைந்தவை இன்னும் இருக்கின்றனவா?

மேடம் அந்த அம்மாவின் வீட்டுக்குக் கிளம்பியபோது இயக்குநரும் ஒட்டிக்கொண்டார். மூச்சு வாங்க நான்கு மாடி ஏறினார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து பதினான்கு படங்கள் வெளியே வந்தன. எதிலும் கையெழுத்து இல்லை.

"போடணும்தான். பிரஷ்தான் காஞ்சு கட்டையாப் போச்சு" என்றார் அந்த அம்மா.

இயக்குநர் அதற்குள் படிக்கட்டுக்குப் போய்விட்டார். "நான் வாங்கிட்டு வர்றேன். சின்னதா ஒண்ணு போதுமில்ல?"

"பெருசாவும் ரெண்டு வாங்குங்க" என்று அந்த அம்மா குரல் கொடுத்தார். "வரையணும்."